ரீமாஸ்டர் பாட்டு நிஜமாவே நல்லா இருக்கா? ஜிம்மி பேஜ் ஆல்பங்களும் திருவாதவூர் கபிலரும் சொல்லும் பதில்

ஸ்பாட்டிஃபையில் 'லெட் செப்பலின்' என்று தேடிப் பாருங்கள். பாட்டின் பெயருக்குப் பக்கத்திலேயே 'ரீமாஸ்டர்' என்ற வார்த்தை ஒட்டிக்கொண்டு நிற்கும். 'ஸ்டேர்வே டு ஹெவன்' 1971-ல் வெளிவந்த பாட்டு. பாடிய ராபர்ட் பிளான்ட் மறுபடி பாடவில்லை. கிடார் வாசித்த ஜிம்மி பேஜ் ஒரு நோட்டைக்கூடத் திரும்ப வாசிக்கவில்லை. டிரம்மர் ஜான் பான்ஹம் 1980-லேயே இறந்துவிட்டார். அப்படின்னா மாறியது என்ன?

இதே வார்த்தை தமிழ்ப் பாட்டுகளையும் விடவில்லை. யூடியூபில் எந்தப் பழைய பாட்டைத் தேடினாலும் 'ஹெச்டி ரீமாஸ்டர்', '5.1 டால்பி', 'ஹை குவாலிட்டி' என்று வரிசை கட்டி வருகின்றன. சிலவற்றைக் கேட்டால் புல்லரிக்கிறது. சிலவற்றைக் கேட்டால் தலை வலிக்கிறது. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். வித்தியாசம் எங்கே இருக்கிறது?

முதலில், மாஸ்டர் என்றால் என்ன?

ஒரு பாட்டு மூன்று கட்டங்களைத் தாண்டி நம் காதுக்கு வருகிறது. முதலில் பதிவு. குரல், கிடார், டிரம்ஸ் எல்லாம் தனித்தனித் தடங்களில் ஏறும். அடுத்து மிக்ஸிங். எது முன்னால் நிற்க வேண்டும், எது பின்னால் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து எல்லாத் தடங்களையும் இரண்டாகச் சுருக்குவார்கள்: இடது, வலது. கடைசிக் கட்டம் மாஸ்டரிங். அந்த இரண்டு தடங்களை எல்பி, கேசட், சிடி, ஸ்ட்ரீமிங் என எந்த வடிவத்தில் விற்கப்போகிறார்களோ அதற்கு ஏற்றபடி பக்குவம் செய்வது. பாஸ் எவ்வளவு, கூர்மை எவ்வளவு, மொத்த சத்தம் எவ்வளவு என்பதெல்லாம் இங்கே முடிவாகும்.

ரீமாஸ்டர் என்பது இந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் திரும்பச் செய்வது. சமைத்து முடித்த குழம்பில் காய்கறியை மாற்ற முடியாது. உப்பு, புளியைத்தான் சரி பார்க்கலாம். காய்கறியையே மாற்றி வைப்பது ரீமிக்ஸ். பீட்டில்ஸின் 2009 சிடிக்கள் ரீமாஸ்டர். அவர்களுடைய 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பத்தை 2017-ல் ஜைல்ஸ் மார்ட்டின் பழைய தடங்களிலிருந்து மறுபடி கலந்து தந்தது ரீமிக்ஸ். கடைகளில் இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்து விற்பதால்தான் குழப்பம்.

ஒரே ஆல்பம், பல முகங்கள்

லெட் செப்பலின் ஆல்பங்களை எல்லாம் தயாரித்தவர் கிடாரிஸ்ட் ஜிம்மி பேஜ். அந்த ஆல்பங்களின் வரலாற்றைப் பார்த்தால் மாஸ்டரிங் என்ற வேலையின் வலிமை புரியும்.

1969-ல் இரண்டாவது ஆல்பம் வந்தது. அமெரிக்காவில் அதன் எல்பி தட்டை வெட்டியவர் பாப் லுட்விக். கிடாரும் டிரம்ஸும் அடித்து நொறுக்கும்படி, பாஸைத் தாராளமாக விட்டு வெட்டினார். அட்லான்டிக் ரெக்கார்ட்ஸ் தலைவர் அகமத் எர்ட்டகன் வீட்டில், ஒரு மலிவான பிளேயரில் அந்தத் தட்டைப் போட்டபோது ஊசி பள்ளத்தை விட்டுத் தாவிவிட்டது என்று லுட்விக் பின்னாளில் சொன்னார். விளைவு, பாஸைக் குறைத்து வேறு தட்டு வெட்டினார்கள். பல ஆண்டுகளுக்கு ரசிகர்கள் கேட்டது அந்த மெலிந்த பதிப்பைத்தான். லுட்விக்கின் பெயரெழுத்துகள் பொறித்த முதல் தட்டுகளை இன்றைக்கும் சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். வாசிப்பு ஒன்று, மிக்ஸ் ஒன்று. மாறியது கடைசிக் கை மட்டும்தான்.

1980-களில் சிடி வந்தது. அவசரத்தில் பல நிறுவனங்கள், கையில் கிடைத்த நகல் டேப்பிலிருந்தோ எல்பிக்காகப் பாஸைக் குறைத்து வைத்திருந்த டேப்பிலிருந்தோ சிடி போட்டன. லெட் செப்பலினின் முதல் சிடிக்கள் பேஜுக்குத் திருப்தி தரவில்லை. 1990-ல் நியூயார்க்கில் ஜார்ஜ் மரினோ என்ற பொறியாளரோடு உட்கார்ந்து அவரே ரீமாஸ்டர் செய்தார். பிறகு 2014, 2015-ல் ஒன்பது ஸ்டுடியோ ஆல்பங்களையும் மூல அனலாக் டேப்பிலிருந்து மறுபடி எடுத்தார். இந்த முறை மாஸ்டரிங் செய்தவர் லண்டனின் ஜான் டேவிஸ். ஒவ்வொரு ஆல்பத்தோடும் வெளிவராத பதிவுகள் அடங்கிய கூடுதல் டிஸ்க்கும் வந்தது. இன்று போனில் நீங்கள் கேட்பது இந்தப் பதிப்பைத்தான்.

எந்த ஏட்டிலிருந்து?

இதைப் புரிந்துகொள்ள லண்டனுக்குப் போக வேண்டியதில்லை. மதுரையிலிருந்து சுமார் 25 கி.மீ. தள்ளி, மேலூர் பக்கம் இருக்கிற திருவாதவூருக்குப் போனால் போதும்.

சங்கப் புலவர் கபிலரின் ஊர் இது என்பது மரபு. அவர் எழுதிய குறிஞ்சிப்பாட்டில் மலைப்பெண்கள் பறித்துக் குவித்த பூக்களின் நீண்ட பட்டியல் வரும். 99 பூக்கள் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். ஆனால் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க இறங்கியபோது அவர் கைக்கு வந்த ஏடுகளில் அந்தப் பட்டியல் முழுசாக இல்லை. ஏட்டைப் பார்த்து ஏடு எழுதிய நூற்றாண்டுகளில் சில பூக்களின் பெயர்கள் எங்கேயோ விழுந்துவிட்டன. வேறு சுவடிகளைத் தேடி அலைந்து, கடைசியில் தருமபுரம் ஆதீனத்து ஏட்டில் அந்தப் பெயர்களைக் கண்டுபிடித்தார். இந்தக் கதையை 'உதிர்ந்த மலர்கள்' என்ற கட்டுரையில் அவரே எழுதியிருக்கிறார். பத்துப்பாட்டு 1889-ல் அச்சில் வந்தது.

டேப்புக்கும் இதே விதிதான். மூல டேப்பிலிருந்து ஒரு நகல், அந்த நகலிலிருந்து இன்னொரு நகல் என்று போகப் போக இரைச்சல் கூடும். சிம்பலின் மினுமினுப்பும் கிடார் கம்பியில் விரல் உரசும் ஒலியும் உதிரும். நல்ல ரீமாஸ்டர் என்பது உதிர்ந்த பூவைத் தேடி மூல ஏட்டுக்குப் போவது. மோசமான ரீமாஸ்டர் என்பது கிழிந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு, இல்லாத இடத்தில் பிளாஸ்டிக் பூவைச் செருகுவது. முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'எந்த மெஷினில் செய்தார்கள்?' என்பதல்ல, 'எந்த டேப்பிலிருந்து செய்தார்கள்?' என்பதுதான்.

டேப் கிடைத்தாலும் உடனே ஓட்டிவிட முடியாது. 1970, 80-களில் வந்த சில வகை டேப்புகளில், காந்தத் துகளை ஒட்டவைக்கும் பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகும். அப்படியே ஓட்டினால் பாட்டு உரிந்து மெஷினில் ஒட்டிக்கொள்ளும். அதனால் சுமார் 50 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் பதமாகச் சூடேற்றி, ஈரம் போன பிறகு ஓட்டி டிஜிட்டலுக்கு மாற்றுவார்கள்.

எரிந்து போனால் அதுவும் இல்லை. 2008 ஜூன் 1-ம் தேதி ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்தில் தீப்பிடித்தபோது அங்கே இருந்த மாஸ்டர் டேப்புகளும் அழிந்தன. இழப்பு எவ்வளவு பெரியது என்று 2019-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதிய பிறகுதான் உலகம் பேசத் தொடங்கியது. எண்ணிக்கையை நிறுவனம் மறுத்தது. போன டேப் போனதுதான்.

பம்பாயில் பதிவு, 43 ஆண்டு காத்திருப்பு

லெட் செப்பலின் கதையில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1972-ல் பேஜும் பிளான்டும் பம்பாய்க்கு வந்தார்கள். உள்ளூர் இசைக்கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு தங்களுடைய 'ஃபிரெண்ட்ஸ்', 'ஃபோர் ஸ்டிக்ஸ்' ஆகிய இரண்டு பாட்டுகளை ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். ராக் டிரம்ஸ் இருந்த இடத்தில் நம் தாள வாத்தியங்கள் வந்தன.

அந்தப் பதிவு வெளிவரவே இல்லை. நகலுக்கு நகலாகத் திருட்டுப் பதிப்புகளில்தான் சுற்றியது. கடைசியில் 2015 ஜூலை 31 அன்று 'கோடா' ஆல்பத்தின் ரீமாஸ்டர் பதிப்போடு அதிகாரபூர்வமாக வந்தது. 43 வருஷம் கழித்து அதைத் தெளிவாகக் கேட்க முடிந்ததற்குக் காரணம் புது சாஃப்ட்வேர் இல்லை. டேப் பத்திரமாக இருந்தது, அவ்வளவுதான்.

சத்தம் கூடினால் தரம் கூடுமா?

இரண்டாவது கேள்வி சத்தம். ஒரே பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால் பாஸும் கூர்மையும் அதிகமாகத் தெரியும். மனிதக் காதின் இந்த இயல்பை 1933-லேயே ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் அளந்து காட்டினார்கள். கடையில் இரண்டு ஸ்பீக்கரைப் போட்டுக் காட்டும்போது சத்தமாக இருப்பது நல்லதாகத் தோன்றுவது இதனால்தான்.

இசை நிறுவனங்களுக்கும் இது தெரியும். 1990-களிலிருந்து ஒவ்வொரு சிடியும் முந்தைய சிடியைவிடச் சத்தமாக இருக்க வேண்டும் என்ற போட்டி நடந்தது. டிஜிட்டலில் சத்தத்துக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அதற்கு மேல் போக முடியாது. அதனால் பாட்டின் மெல்லிய இடங்களைத் தூக்கி, உயர்ந்த இடங்களைத் தட்டி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டு வந்தார்கள். மேடு பள்ளம் இல்லாத நான்கு வழிச்சாலை மாதிரி. பயணம் சுலபம், பார்க்க ஒன்றும் இருக்காது. 2008-ல் மெட்டாலிகாவின் 'டெத் மேக்னடிக்' வந்தபோது, அதே பாட்டுகள் 'கிடார் ஹீரோ' வீடியோ கேமில் இதைவிட நன்றாக ஒலிக்கின்றன என்று ரசிகர்களே மனு போட்டார்கள்.

இதற்கு நியாயமே இல்லை என்றும் சொல்ல முடியாது. திருவாதவூரிலிருந்து மதுரைக்கு வேலைக்குப் போகிறவர் பஸ்ஸில், எஞ்சின் சத்தத்துக்கும் ஹாரனுக்கும் நடுவே இயர்போனில் கேட்கிறார். பாட்டு மெதுவாகத் தொடங்கினால் அவருக்கு ஒன்றுமே கேட்காது. ஆனால் ராத்திரி வீட்டில் அதே பாட்டைக் கேட்கும்போது, எப்பவும் முழுக் குரலில் பேசுகிற ஆள் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி பத்து நிமிஷத்தில் அலுத்துவிடும்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. ஸ்பாட்டிஃபை, யூடியூப் போன்றவை எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே சத்தத்துக்குக் கொண்டு வருகின்றன. கத்துகிற பாட்டைக் குறைத்துவிடுகின்றன. அதனால் சத்தத்தைக் கூட்டியவருக்கு லாபம் இல்லை. மேடு பள்ளத்தை இழந்ததுதான் மிச்சம்.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்... காசு கொடுக்கலாமா?

2014 பதிப்பு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஃபைலாகவும் விற்பனைக்கு வந்தது. சிடியின் அளவு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். எண் பெரிசா இருந்தால் தரமும் பெரிசா இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் 44.1 கிலோஹெர்ட்ஸே மனிதக் காதின் எல்லையான சுமார் 20 ஆயிரம் ஹெர்ட்ஸைத் தாராளமாகத் தாங்கிவிடும். புது ஃபைல் நன்றாகக் கேட்கிறது என்றால் பெரும்பாலும் அது மாஸ்டரிங் செய்த கையின் பலன்.

அதோடு, ப்ளூடூத் இயர்போன் பெரும்பாலும் பாட்டை மறுபடி சுருக்கித்தான் அனுப்பும். அதில் 96 கிலோஹெர்ட்ஸ் கேட்பது, மினரல் வாட்டரை வாங்கிக் குழாய்த் தண்ணீர் டேங்கில் ஊற்றிக் குடிப்பது போல. ஒப்பிட்டுப் பார்க்க ஆசை என்றால் வயர் இயர்போனே போதும்.

எதைக் கேட்டால் வித்தியாசம் தெரியும்?

வென் தி லெவி பிரேக்ஸ் (1971): இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையின் கூடத்தில், மாடிப்படிக்குக் கீழே டிரம்ஸை வைத்து, மேலே படியிலிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தது. டிரம்ஸோடு அந்தக் கூடத்தையும் சேர்த்துக் கேட்கலாம். ஒவ்வோர் அடிக்கும் பிறகு வரும் அதிர்வு தேய்ந்து மறைகிறதா, அடுத்த அடி வரை தூக்கலாகவே நிற்கிறதா என்று கவனியுங்கள். தேய்ந்தால் நல்ல மாஸ்டர்.

ஸ்டேர்வே டு ஹெவன் (1971): எட்டு நிமிஷப் பாட்டு. தனிக் கிடாரில் மெல்லத் தொடங்கி, கடைசியில் முழு பேண்டும் வெடிக்கும். முதல் நிமிஷத்தையும் ஏழாவது நிமிஷத்தையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். இரண்டும் ஒரே சத்தத்தில் இருந்தால் யாரோ மேட்டைத் தட்டியிருக்கிறார்கள்.

சின்ஸ் ஐவ் பீன் லவ்விங் யூ (1970): டிரம்ஸ் பெடல் கிரீச்சிடும் சத்தம் பாட்டு நெடுக வரும். தெளிவு கூடினால் கிரீச்சும் கூடும். இதைப் பற்றி பேஜே பேசியிருக்கிறார். ஆனால் அதைத் துடைக்கவில்லை. இரைச்சலை அழிக்கிற மென்பொருளை அதிகம் ஓட்டினால் கிரீச்சோடு சேர்ந்து மூச்சும் போய்விடும்.

திருவாசகம் (2005): மாணிக்கவாசகர் பிறந்ததும் திருவாதவூரில்தான். அவருடைய வரிகளுக்கு இளையராஜா புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை வைத்துச் செய்த ஆல்பம். ரீமாஸ்டர் இல்லை; ஆனால் மெல்லிய இடமும் பொங்கும் இடமும் எவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கலாம் என்பதற்குக் காதைப் பழக்க நல்ல அளவுகோல்.

ஒப்பிடும்போது ஒரே விதி: சத்தம் சமமாக இருக்க வேண்டும். ஆப்பில் 'நார்மலைஸ்' வசதியை ஆன் செய்து, ஈக்வலைசரை ஆஃப் செய்யுங்கள். எது எந்தப் பதிப்பு என்று தெரியாதபடி நண்பரை மாற்றி மாற்றிப் போடச் சொன்னால் இன்னும் நல்லது.

நம்ம பாட்டு என்ன ஆச்சு?

பேஜிடம் மூன்று விஷயங்கள் இருந்தன. மூல டேப் கிடைத்தது. பாட்டைத் தயாரித்தவரே உட்கார்ந்து முடிவு செய்தார். யார், எப்போது, எதிலிருந்து எடுத்தார்கள் என்பது வெளியே தெரிந்தது. தமிழ்ப் பாட்டில் இந்த மூன்றும் ஒன்றுசேர்வது அபூர்வம்.

மதுரையைச் சுற்றி 70, 80-களில் வளர்ந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு வழியில்தான் பாட்டுக் கேட்டார்கள். ஒன்று, திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் கட்டுகிற ரேடியோ செட். குழாய் ஸ்பீக்கர் குரலைத் தூரத்துக்கு எறியும், பாஸை விழுங்கிவிடும். இன்னொன்று, ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் எழுதிக் கொடுத்து நிரப்பி வாங்கிய கேசட். அது நகலுக்கு நகல். அதனால் அந்தப் பாட்டுகளில் பேஸ் கிடார் என்ன செய்கிறது என்பதே பலருக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

கிடார் சும்மா ஓரத்தில் நின்ற வாத்தியமும் அல்ல. 'அன்னக்கிளி' (1976) மூலம் வந்த இளையராஜாவே ஜி.கே.வெங்கடேஷின் குழுவில் கிடார் வாசித்தவர். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா'வைக் கிடார் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியுமா? ஆனால் அந்தக் காலக் கேசட் அட்டைகளில் படம், இசை, பாடல், பாடியவர் என்று இருக்கும். கிடார் வாசித்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. இன்று ஆப்பிலும் அதே கதை.

இந்த இடைவெளியில்தான் ஆர்வலர்களின் யூடியூப் 'ரீமாஸ்டர்'கள் வருகின்றன. சிலர் நல்ல எல்பி தேடிப் பிடித்து, சுத்தம் செய்து, பொறுமையாக டிஜிட்டலுக்கு மாற்றுகிறார்கள். அவர்கள் செய்வது சுவடி தேடும் வேலைதான். வேறு சிலர் எம்பி3 ஃபைலை எடுத்து, பாஸை ஏற்றி, மோனோ பாட்டை இடதும் வலதுமாகப் பிரித்து '5.1' என்று பெயர் வைக்கிறார்கள். கேட்பவருக்கு இரண்டும் ஒரே தேடலில் அடுத்தடுத்து வருகின்றன. மக்கள் வரமாட்டார்கள் என்ற சாக்கும் எடுபடாது. 1964-ல் வந்த 'கர்ணன்' 2012-ல் டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு வந்தபோது தியேட்டர்கள் நிரம்பின.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஸ்ட்ரீமிங்கில் புதுப் பதிப்பு வந்தால் பெரும்பாலும் பழையது காணாமல் போய்விடும். அதனால் வீட்டு அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் ஒரிஜினல் கேசட், சிடி, எல்பியைப் பழைய பேப்பர் கடைக்குப் போடுவதற்கு முன்னால் யோசியுங்கள். ஈரம் படாத, வெயில் விழாத இடத்தில், ஸ்பீக்கரின் காந்தத்துக்குத் தள்ளி வைத்தால் போதும். நாளைக்கு யாராவது ஒப்பிட வந்தால் சாட்சி அதுதான்.

அடுத்த முறை 'ரீமாஸ்டர்' என்று பார்த்தால் கேட்க வேண்டியவை நான்கு: எந்த டேப்பிலிருந்து எடுத்தார்கள்? யார் செய்தார்கள்? மேடு பள்ளம் மிச்சம் இருக்கிறதா? வாசித்தவர்கள் பெயர் இருக்கிறதா?

கடைசிக் கேள்வி புதிதல்ல. மாணிக்கவாசகர் சொல்லச் சொல்லச் சிவனே திருவாசகத்தை ஏட்டில் எழுதிக்கொண்டார் என்பது மரபுக் கதை. அந்த ஏட்டின் முடிவில் சொன்னவர் யார், எழுதியவர் யார் என்று இருவர் பெயரும் கையெழுத்தாக இருந்ததாம். பாட்டை விற்கிற நிறுவனங்கள் ரீமாஸ்டர் என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் அந்த அளவு விவரத்தைப் போட்டாலே போதும். எது மூல ஏடு, எது பிளாஸ்டிக் பூ என்று கேட்பவர்களே பிரித்துக்கொள்வார்கள்.